பிடிக்காத ஊரை விட்டுக் கிளம்புவதா, இருப்பதா: எப்படி முடிவெடுப்பது?

ஈரமண்
பிறந்து வளர்ந்த பகுதி பிடிக்கவில்லை. தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை, படித்த படிப்புக்கு அங்கே வேலை குறைவு, தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வேறு பகுதிக்குப் போய்விடலாமா என்ற எண்ணம் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. ஆனால் முடிவு மட்டும் வரவில்லை. இந்த நிலையில் இருப்பவர் எதை எழுதிப் பார்க்க வேண்டும், எவ்வளவு பணம் கையில் வேண்டும், போகாமலே எப்படிச் சோதிப்பது? "தைரியமாகப் போ", "சொர்க்கமே என்றாலும் சொந்த ஊர் போல வருமா" என்ற இரண்டு பதிலும் ஏற்கெனவே நிறையக் கேட்டாயிற்று. அவரவர் கதையும் வேண்டாம். செய்முறையாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
முதல் வேலை, "ஊர் பிடிக்கவில்லை" என்ற வாக்கியத்தை உடைப்பது. அப்படியே வைத்துக்கொண்டு யாராலும் முடிவெடுக்க முடியாது.

ஒரு சின்ன நோட்டு. 14 நாள். எரிச்சல் வந்த நேரத்திலேயே எழுதுங்கள்; ராத்திரி உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினால் எல்லாமே "ஊர் சரியில்லை" என்று ஒரே வரியாகிவிடும். இப்படி இருக்க வேண்டும்: "செவ்வாய், மாலை 6.40, பஸ் 35 நிமிடம் தாமதம்." "வியாழன், இரவு 11.15, பக்கத்து வீட்டுச் சத்தம், தூக்கம் கெட்டது." "ஞாயிறு, மதியம் 3 மணி, எங்கே போவதென்று தெரியாமல் படுத்தே கிடந்தது."

14 நாள் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். ஊர் காரணம் என்றால் "ஊ". வீடோ வேலையோ காரணம் என்றால் "வீ". எங்கே போனாலும் கூடவே வரும் என்றால் "நா". பஸ் தாமதம் "ஊ". பக்கத்து வீட்டுச் சத்தம் "வீ", அதற்கு நான்கு தெரு தள்ளிக் குடிபோனால் போதும். ஞாயிறு மதியம்தான் சிக்கலான வரி. ஊரில் போக இடமே இல்லையா, இருந்தும் போகவில்லையா? சந்தேகம் இருந்தால் "நா" என்றே போடுங்கள்.

பாதிக்கு மேல் "ஊ" வந்தால் கிளம்புவதைப் பற்றி யோசிக்கலாம். "வீ" அதிகம் என்றால் முதலில் வீட்டையோ வேலையையோ மாற்றிப் பாருங்கள், செலவு மிகக் குறைவு. "நா" அதிகமாக வந்தால் ஊர் மாறினாலும் அந்த வரிகள் புது விலாசத்தில் அப்படியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் சாவு, உறவு முறிவு, வேலை போனது, இப்படி ஏதாவது நடந்த மாதத்தில் இந்த நோட்டைத் தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் சுவரைப் பார்த்தாலும் கோபம் வரும், பழி முழுக்க ஊர்மேல் விழும்.

வடகாற்று
மேலே சொன்னதை ஆதரிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. 1998-இல் ஷ்கேட், கானமன் இருவரும் வெளியிட்டது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலும் மத்திய மேற்கு மாகாணங்களிலும் படிக்கும் மாணவர்களிடம் அவரவர் வாழ்க்கை எவ்வளவு திருப்தி என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே விடை. ஆனால் "உங்களைப் போன்ற ஒருவர் அங்கே இருந்தால் எப்படி இருப்பார்" என்று கேட்டபோது, கலிஃபோர்னியாவில் இருப்பவரே கூடுதல் திருப்தியோடு இருப்பார் என்று இரண்டு தரப்புமே சொன்னது. இரண்டு இடங்களை ஒப்பிடும்போது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்துக்கு, அதிலும் வெயில் குளிருக்கு, மனம் அளவுக்கு மீறி எடை கொடுத்துவிடுகிறது. அங்கேயே வாழ்பவர் நாள் முழுக்க வானத்தையா பார்த்துக்கொண்டிருக்கிறார்?

இதற்கு மாற்று: புது ஊரில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை மணிவாரியாக எழுதுங்கள். 24 வரி. எத்தனை மணிக்கு எழுந்து, எதில் ஏறி, எவ்வளவு நேரம் நின்று, யாரோடு சாப்பிட்டு, மாலை 7 முதல் 10 வரை என்ன செய்து, எங்கே தூங்குவீர்கள்? பக்கத்திலேயே இப்போதைய செவ்வாயை எழுதுங்கள். எத்தனை வரி உண்மையிலேயே மாறுகிறது என்று எண்ணுங்கள். கடற்கரையும் மலையும் சனி ஞாயிறில்தான் வரும். மாலை 7 முதல் 10 வரை உள்ள மூன்று வரியை நிரப்ப முடியாமல் பேனா நின்றால், அந்த ஊரைப் பற்றி இன்னும் உங்களுக்குப் போதுமான அளவு தெரியாது என்று பொருள்.

மணல்கடிகாரம்
இந்த ஆய்வைக் காட்டி யாரும் சும்மா உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொல்லி ஒரு சோதனை செய்தார். 2021-இல் ஆய்விதழில் வந்தது. பெரிய முடிவுகளில் "மாற்று" என்று விழுந்து மாற்றியவர்கள், ஆறு மாதம் கழித்து, மாற்றாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இரண்டு மனமாக இருந்தவர்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால் ஈரமண் விவரிக்கும் நிலைக்குப் பொருந்தும்: ஆண்டுக்கணக்கில் தராசு சமமாக நிற்கிறது என்றால், உள்ளபடி அது மாற்றத்தின் பக்கம் சாய்ந்தே இருக்கலாம். பழகிய நிலைக்கு நாம் கொடுக்கும் கூடுதல் எடையைச் சாமுவெல்சன், செக்காவுசர் இருவரும் 1988-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள்.

இரண்டாவது உதாரணம் இன்னும் வலுவானது. 1973 ஜனவரியில் ஐஸ்லாந்தின் ஹெய்மாய் தீவில் எரிமலை வெடித்தது. எரிமலைக் குழம்பு சில தெருக்களை மூடியது, சில தெருக்களை விட்டுவிட்டது. வீடு போனவர்களில் பலர் திரும்பவில்லை. வீடு தப்பியவர்களில் பலர் திரும்பினார்கள். யார் வீடு போனது என்பது குலுக்கல் போலத்தான் அமைந்தது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் வரிப் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். 25 வயதுக்குக் கீழே இருந்து ஊர் மாற நேர்ந்தவர்கள் அதிகம் படித்தார்கள், வாழ்நாளில் கணிசமாகக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பெற்றோர் தலைமுறைக்குச் சற்று நட்டம்.

அந்தத் தீவு ஏழைத் தீவு அல்ல என்பதுதான் இதில் முக்கியம். மீன்பிடித் தொழிலில் நல்ல வருமானம் உள்ள ஊர். மீன்பிடித் தொழிலுக்கு ஏற்றவர்களுக்கு அருமையான ஊர், மற்றவர்களுக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே "ஊர் நல்லதா கெட்டதா" என்று வாதாடுவது வீண். "என் கைத்தொழிலுக்கு, என் சுபாவத்துக்கு இந்த ஊரில் எத்தனை வாசல் திறந்திருக்கிறது" என்று எண்ணுங்கள். உங்கள் துறையில், இப்போதைய வேலை போனால், ஒரு மணி நேரப் பயண வட்டத்துக்குள் விண்ணப்பிக்க எத்தனை இடம் இருக்கிறது? விரல்விட்டு எண்ணி, மூன்றுக்குக் கீழே வந்தால் அது பிடித்தம் பிடிக்காமை சார்ந்த விஷயமே அல்ல, பிழைப்பு சார்ந்த விஷயம்.

ஈரமண்
நன்றி. நோட்டு இன்றே தொடங்கலாம். பணக் கணக்கை யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? சம்பளம் கூடுகிறது என்பதால் மட்டும் போவது சரியா?

பெட்டிபடுக்கை
சம்பளத்தைப் பார்க்காதீங்க, மிச்சத்தைப் பாருங்க. இப்ப சம்பளம் 100 பங்குன்னு வைங்க. வாடகை 25, போக்குவரத்து 5, மத்த செலவு 40. மிச்சம் 30. புது ஊர்ல சம்பளம் 130. வாடகை 50, போக்குவரத்து 12, மத்தது 44. மிச்சம் 24. சம்பளம் 30 பங்கு ஏறியும் கையில நிக்கிறது 6 பங்கு குறையுது. இந்தக் கணக்கைப் போடாம கிளம்புறவங்கதான் எட்டாவது மாசம் முழிக்கிறாங்க. சொந்த வீட்ல வாடகை இல்லாம இருக்கிறவங்களுக்கு இன்னும் மோசமா அடிக்கும். அவங்க 25-க்குப் பதிலா 0-லேர்ந்து 50-க்குப் போறாங்க.

வேலை உறுதியாகாம போறீங்கன்னா சம்பளத்தை வாய்ப்பால பெருக்குங்க. 130 கிடைக்க பத்துக்கு ஆறு வாய்ப்புன்னா உங்க கணக்குல அது 78 தான். ஹாரிஸ், டொடாரோன்னு ரெண்டு பேர் 1970-ல கிராமத்துலேர்ந்து நகரத்துக்குப் போறவங்களைப் பத்தி இதே கணக்கைத்தான் எழுதினாங்க. நகரத்துல வேலையில்லாதவங்க இருந்தாலும் ஜனம் ஏன் வந்துக்கிட்டே இருக்குன்னு அதுல புரியும்.

கையில வேண்டிய பணத்தை மூணு குவியலா பிரிச்சிடுங்க, மூணையும் ஒரே கணக்குல போட்டு வைக்காதீங்க.

முதல் குவியல், நகர்றதுக்கு. வண்டி, முன்பணம், முதல் மாச வாடகை, ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை கட்ற அந்த ஒரு மாசம். அப்புறம் யாரும் எழுதாத சில்லறை: பல்பு, திரைச்சீலை, பக்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பூட்டு, துடைப்பம். ஒவ்வொண்ணும் சின்னது, மொத்தமா பார்த்தா மலைப்பு. முதல் மாச சாப்பாட்டுச் செலவு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குன்னு போடுங்க, ஏன்னா சமையல் சாமான் சேர்ற வரைக்கும் வெளிச் சாப்பாடுதான்.

ரெண்டாவது, ஓட்டறதுக்கு. வேலை கையில இருந்தா 3 மாசச் செலவு, இல்லைன்னா 6 மாசச் செலவு. புது ஊர் விலையில போடுங்க, பழைய ஊர் விலையில இல்ல.

மூணாவது, திரும்பி வர்றதுக்கு. சாமானோட திரும்பற வண்டிக் கூலியும் ஒரு மாசச் செலவும். இதைத் தொடவே கூடாது. இது இல்லாதவங்க பிடிக்காத இடத்துல மாட்டிக்கிட்டு, வர்ற முதல் மட்டமான வேலைக்குத் தலையாட்டறாங்க.

வடகாற்று
போகாமலே சோதிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகாமல் முடியாது, ஆனால் சின்னதாகப் போகலாம். மூன்று முதல் நான்கு வாரம், மாத வாடகை அறை, அந்த ஊரின் மிக மோசமான பருவத்தில். நல்ல பருவத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அதன் பெயர் சுற்றுலா.

அங்கே செய்ய வேண்டியவை: வாடகைக்கு எடுக்கக்கூடிய பகுதியிலிருந்து வேலை இடங்கள் உள்ள பகுதிக்குக் காலை 8 மணிக்கு இரண்டு முறை போய் வாருங்கள், மாலை திரும்பும் கூட்டத்திலும் வாருங்கள். மனிதர்கள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தையே பயணத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று மார்க்கெட்டி 1994-இல் எழுதினார். உங்கள் கணக்கு இரண்டு மணியைத் தாண்டினால் ஊரைக் குறை சொல்லாமல் வேறு தெருவைத் தேடுங்கள். நீண்ட பயணத்துக்கு மனம் பழகாது. ஃப்ரே, ஸ்டட்சர் இருவரின் 2008 ஆய்வில், பயண நேரம் கூடியவர்களின் திருப்தி குறைந்தது. சம்பளமோ வீடோ அதை ஈடுகட்டவில்லை.

அப்புறம் இரவு 10 மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பெண்களுக்கு இது இன்னும் அவசியம். பகல் முகமும் இரவு முகமும் வேறு. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, மின்சாரம் எப்போது போகிறது, இவற்றை வீட்டுக்காரரிடம் கேட்காமல் அடுத்த வீட்டில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். ஓர் அரசு அலுவலகத்தில் ஏதாவது சின்ன வேலையாகப் போய் நில்லுங்கள். வெளியூர்ப் பேச்சைக் கேட்டதும் முகம் எப்படி மாறுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

முதல் பத்து நாளின் கருத்தை நம்பாதீர்கள். புது இடத்தில் முதலில் எல்லாம் அழகு, பிறகு எல்லாம் எரிச்சல், பிறகு மெல்லத் தேறுதல் என்று மானிடவியலாளர் ஓபர்க் 1960-இல் வரிசைப்படுத்தினார். அழகுக் கட்டத்திலேயே ஊர் திரும்பிவிடுபவர் அரைகுறைத் தகவலோடுதான் முடிவெடுக்கிறார்.

தனிமரம்
தனிமையைப் பற்றி யாரும் பேசவில்லை. திரும்பி வருபவர்கள் பணத்தைக் காரணம் சொல்வார்கள். பல சமயம் உண்மைக் காரணம் ஞாயிற்றுக்கிழமை.

நட்புக்கு ஆகும் மணி நேரத்தை ஜெஃப்ரி ஹால் 2018-இல் அளந்தார். சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி, நண்பராக 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். வாரம் 3 மணி ஒருவரோடு கழித்தால் 50 மணிக்கு 17 வாரம். 200 மணிக்கு 67 வாரம், அதாவது ஒன்றேகால் ஆண்டு. ஆகவே ஆறாவது மாதத்தில் "இங்கே எனக்கு யாருமே இல்லை" என்று தோன்றினால் அது தோல்வி அல்ல, கணக்குப்படி இன்னும் நேரம் ஆகவில்லை.

இதை விரைவுபடுத்த ஒரே வழி, அதே முகங்கள் அதே கிழமை அதே மணிக்கு வரும் இடம். வகுப்பு, விளையாட்டு, பாட்டுக் குழு, தன்னார்வ வேலை, எதுவானாலும் சரி. வாராவாரம் வேறு வேறு ஆட்கள் வரும் கூட்டங்களுக்கு இருபது முறை போனாலும் ஒருவரோடும் 50 மணி சேராது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: நிறைய இடங்களுக்குப் போகிறார்கள், ஓரிடத்துக்கும் திரும்பப் போவதில்லை.

வீடு பார்க்கும்போதும் இதை யோசியுங்கள். ஃபெஸ்டிங்கர் குழு 1950-இல் வெளியிட்ட மாணவர் குடியிருப்பு ஆய்வில், நட்பு பெரும்பாலும் அடுத்த கதவு வரைதான் நீண்டது. மாடிப்படி, தபால் பெட்டி பக்கத்தில் இருந்தவர்களுக்கு மற்ற தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள். கடைக்கோடி அமைதியான அறையைவிடப் படிக்கட்டுப் பக்கத்து அறை தனியாள் குடிபோக நல்லது.

போவதற்கு முன்பே, அந்த ஊரில் கொஞ்சமாவது தெரிந்த பத்துப் பேரின் பட்டியல் போடுங்கள். உடன் படித்தவரின் அண்ணன், பழைய அலுவலகத்தில் வேறு பிரிவில் இருந்தவர் என்ற அளவில் போதும். வேலைச் செய்தி நெருங்கியவர்களைவிட இப்படிப்பட்ட அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று 1973-லேயே கிரானொவெட்டர் காட்டியிருக்கிறார். "உதவி செய்யுங்கள்" என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு கேள்வி, இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடியது: "அந்தப் பக்கம் மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் நிற்குமா?" பதில் வந்துவிட்டால் பேச்சு தொடங்கிவிட்டது.

முதுவேர்
வயதான பெற்றோர் இருந்தால் கிலோமீட்டரில் யோசிக்காதீர்கள். நள்ளிரவு 1 மணிக்கு ஃபோன் வந்தால் எத்தனை மணிக்கு அந்த வாசலில் நிற்க முடியும்? அந்த எண்ணை எழுதுங்கள். 6 மணிக்கு மேல் என்றால் இடையில் அந்த 6 மணி நேரத்தை யார் பார்த்துக்கொள்வார் என்பதற்கு மூன்று பெயர் வேண்டும், அதில் ஒருவராவது நடந்து வரும் தூரத்தில், கையில் மாற்றுச் சாவியோடு. மருந்துப் பட்டியல், ரத்த வகை, மருத்துவர் எண், காப்பீட்டு எண் எல்லாம் ஒரு தாளில். ஒன்று அவர்கள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி, ஒன்று சாவி வைத்திருப்பவரிடம், ஒன்று உங்களிடம். இந்த ஏற்பாட்டைக் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் வெளியூரில் இருந்து சோதித்துப் பாருங்கள். பெற்றோரிடம் "நான் போகலாமா" என்று கேட்டால் பெரும்பாலும் "உன் இஷ்டம்" என்றுதான் பதில் வரும். "நான் இல்லாதபோது எதற்குச் சிரமப்படுவீர்கள்" என்று கேளுங்கள், உண்மை வரும்.

பிள்ளைகள் இருந்தால் வயது முக்கியம். 1990-களில் அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களை வறுமை குறைந்த பகுதிகளுக்கு மாற்றிய ஒரு திட்டத்தைச் செட்டி, ஹென்ட்ரன், காட்ஸ் மூவரும் 2016-இல் ஆராய்ந்தார்கள். 13 வயதுக்கு முன் மாறிய பிள்ளைகள் பெரியவர்களானதும் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 13-க்குப் பிறகு மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, சற்றுப் பாதகம்கூட. பதின்வயதில் தோழர்களைப் பிடுங்குவது லேசான காரியம் அல்ல. படிப்பின் கடைசி இரண்டு ஆண்டு இருக்கிறது என்றால் அது முடியும்வரை பொறுப்பதே நல்லது என்பது என் கருத்து.

பெட்டிபடுக்கை
முதுவேர் சொன்னது ரொம்பச் சரி. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். "பெத்தவங்களுக்காக இருக்கேன்"னு சொல்லிட்டு மனசுல கசப்போட இருக்கிறது அவங்களுக்கும் நல்லா தெரியும். இருக்கிறதுன்னு முடிவு பண்ணா அதையும் தேதி போட்டு முடிவு பண்ணுங்க: "அடுத்த ரெண்டு வருஷம் இங்கதான், அதுக்கப்புறம் திரும்ப யோசிப்போம்." அந்த ரெண்டு வருஷத்துல வீட்டை மாத்தலாம், வேலையை மாத்தலாம், பக்கத்துப் பெரிய ஊருக்கு அரை மணி தூரத்துல போயிடலாம். எல்லாரும் இந்த ஊர் இல்லைன்னா தூர தேசம்னு ரெண்டே கதவைப் பார்க்கிறாங்க. அதே வட்டாரத்துல இன்னொரு ஊர்ங்கிற மூணாவது கதவு பாதிப் பேருக்குப் போதும்.

மணல்கடிகாரம்
தராசு இன்னும் அசையவில்லை என்றால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இப்போது நீங்கள் அந்தப் புது ஊரில் வசிக்கிறீர்கள்; அதே வேலை, அதே நண்பர்கள் அங்கே. யாரோ உங்கள் பிறந்த ஊரைக் காட்டி, இங்கே இருக்கும் இதே சம்பளத்துக்கும் இதே வீட்டுக்கும் குடிவரச் சொல்கிறார். வருவீர்களா? உடனே "மாட்டேன்" என்று வந்தால், இத்தனை நாளாக உங்களைப் பிடித்து வைத்திருப்பது பழக்கம்.

போவதென்று முடிவானால் வாசலைப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள். வீடு இருந்தால் முதல் ஆண்டு விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். சாமான் முழுவதையும் ஏற்ற வேண்டாம். இரண்டு பெட்டியோடு போய், மூன்று மாதம் கழித்து மீதியை எடுங்கள். அதற்குள் பாதி தேவையில்லை என்று தெரிந்துவிடும். வேலை, வீடு, ஊர் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றுவதைத் தவிருங்கள். ஹோம்ஸ், ராஹே 1967-இல் போட்ட மன அழுத்தப் பட்டியலில் குடிமாறுவதற்கு வெறும் 20 புள்ளி. வேறு வகை வேலைக்கு மாறுவது 36, வாழும் நிலை மாறுவது 25. சேர்ந்து வரும்போதுதான் சுமை.

கிளம்பும் முன்பே மூன்று தேதி குறியுங்கள்: 90-ஆம் நாள், 180-ஆம் நாள், 365-ஆம் நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, என்ன நிலை இருந்தால் திரும்புவது என்பதை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திடுங்கள். "180-ஆம் நாள்: இரண்டாவது குவியலில் இரண்டு மாதச் செலவுக்குக் கீழே போயிருந்தால் திரும்புவது." அழுகை வந்த இரவில் அல்ல, அந்தத் தேதியில் மட்டும் அதைப் பிரித்துப் படியுங்கள். திரும்புவது ஒன்றும் அபூர்வம் அல்ல. ஒவ்வொரு பெரிய குடிபெயர்வு ஓட்டத்துக்கும் எதிர் ஓட்டம் ஒன்று உண்டு என்று ரேவன்ஸ்டைன் 1885-லேயே மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்து எழுதிவிட்டார்.

ஈரமண்
நோட்டில் ஆறு நாள் ஆகிவிட்டது. எதிர்பார்த்ததைவிட "வீ" அதிகமாக இருக்கிறது, ஆனால் வேலை வாசல் எண்ணிக்கை இரண்டுதான். சோதனைக்கு நான்கு வாரம் போவது என்று தேதி குறித்தாயிற்று. கடைசியாக ஒன்று: காகித வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

கணக்குப்பிள்ளை
வேலை வாசல் இரண்டு என்பதை "வீ" கணக்கைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைப் பயணம் சரியான முடிவு.

காகிதத்தில் வரிசை மாறினால்தான் அலைச்சல். முதலில் பழைய ஊரில் மட்டுமே கிடைப்பவற்றை வாங்கிவிடுங்கள்: பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மருத்துவக் கோப்பின் நகல், பழைய வேலையின் விடுவிப்புக் கடிதம். அடுத்து புது ஊரில் வாடகை ஒப்பந்தம், உங்கள் பெயரும் முழு விலாசமும் எழுத்துப்பிழை இல்லாமல். பிற அலுவலகங்கள் பலவும் அதைத்தான் கேட்கும். அதைக் கொண்டு அடையாள ஆவணத்தில் விலாச மாற்றம், அதன் பிறகு வங்கி, காப்பீடு, ஓட்டுநர் உரிமம். வங்கியை முதலில் மாற்றப் போனால், விலாசச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

பழைய ஃபோன் எண்ணை ஓர் ஆண்டாவது உயிரோடு வையுங்கள். மறந்துபோன ஏதோ ஒரு கணக்குக்கு நுழைவு எண் அதற்குத்தான் வரும்.

பழைய வாடகை வீட்டை ஒப்படைக்கும் அன்று, காலியான ஒவ்வோர் அறையையும் வாசலில் நின்று ஒரு படம், மின்சார மீட்டரில் எண் தெரியும்படி ஒரு படம், சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுக்கும்போது தேதியுடன் ஒரு ரசீது. முன்பணம் முழுதாகத் திரும்ப வரும்வரை அந்த மூன்றையும் அழிக்காதீர்கள்.